யோபுவின் கதை கேட்டவர்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வேலையை நம்பி வந்து, வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் அநேகர். நெல்லை, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களும் அவர்களில் உண்டு. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படுத்தால், கைபேசியில் ஒரு பிரசங்கியார் தோன்றுகிறார். காணிக்கையை விதையாகப் போட்டால் கடவுள் பத்து மடங்காகத் திருப்பித் தருவாராம்! தங்கையின் கல்யாணச் செலவை எண்ணிக்கொண்டு கிடப்பவளுக்கு எவ்வளவு இனிப்பான வார்த்தை! சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்குப் பதில் அந்தப் பெண்களின் சொந்தச் சீமையிலேயே இருக்கிறது.

1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம் பார்த்தவர். அந்தஸ்துக்குக் குறைவில்லை. ஆனால் கஷ்டகாலம் வந்தது. மாடுகள் மடிந்தன; விளைச்சல் பொய்த்தது. வாடிய முகத்தைக் கண்டு விசாரித்தார் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று சிறைப்பட்டு, பிற்பாடு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தாரே, அவர்தான். நீலகண்டருக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு, செல்வம், பிள்ளைகள், தேக சுகம் எல்லாவற்றையும் இழந்த நல்ல மனிதர். துக்கம் விசாரிக்க வந்த மூன்று சிநேகிதர்கள், 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். (நம் வீடுகளுக்கும் இப்படித் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் உண்டல்லவா?) கடைசியில் கடவுளின் கோபத்துக்கு ஆளானவர்கள் அந்தச் சிநேகிதர்கள்தாம்.

"யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்ததே!" என்று பிரசங்கியார் கேட்கலாம். வாஸ்தவம். நீலகண்டருக்கு என்ன வந்தது என்று பாருங்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. ராஜத் துரோகம் என்று குற்றம் சாட்டினார்கள். மெய்யான காரணம் மதமா, அரண்மனைப் பகையா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனதையும், அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவியதையும் குமரி ஜனங்கள் இன்னும் சொல்லுகிறார்கள். புது மதத்தை விட்டுவிட்டால் பழைய உத்தியோகமும் மரியாதையும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்களாம். அவர் மசியவில்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம்.

போட்ட காணிக்கைக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் இந்த வாழ்க்கையை எந்தப் பத்தியில் எழுதுவது?

2022 மே 15-ல் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். பாதிரியாராகவோ துறவியாகவோ இராமல், குடும்பஸ்தராக வாழ்ந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய சம்சாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவாரில்லை. பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். சொந்த ஊரில் இருந்தால் ஆபத்து என்பதால், உற்றார் உறவினரை விட்டு வடக்கன்குளத்தில் போய்க் குடியேறினார். பழைய வாழ்வு அவருக்கும் திரும்பி வரவில்லை.