உங்கள் வீட்டு கேமரா யாரையெல்லாம் பார்க்கிறது?

வீட்டு வாசலில் சிசிடிவி கேமரா வைக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? வேண்டாம். உங்கள் வாசல், கார் நிறுத்தும் இடம், காம்பவுண்டுச் சுவர் இவற்றைப் பார்க்கும்படி கேமரா பொருத்த இந்தியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை. சென்னையில் காவல்துறையே ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்து, கேமரா பொருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டது.

அப்படியானால் சட்டம் எங்கே குறுக்கே வருகிறது? கேமராவின் பார்வை உங்கள் சுவரைத் தாண்டும்போது வருகிறது. அது பதிந்த காட்சி உங்கள் கையை விட்டுப் போகும்போதும் வருகிறது. முதலாவதைப் பற்றிப் பலர் யோசிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஆனால், வம்பு பெரும்பாலும் அதில்தான்.

வீட்டு கேமராவுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா? இல்லை. பல சட்டங்களின் ஓரங்கள் சேர்ந்து இதைத் தொடுகின்றன. அந்தரங்க உரிமை (தன்னை யார், எப்போது, எவ்வளவு பார்க்கலாம் என்று ஒருவர் முடிவு செய்யும் உரிமை) அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகு வந்த கேமரா வழக்குகள் பலவற்றுக்கு அந்தத் தீர்ப்புதான் அடித்தளம். பாதுகாப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டை உளவு பார்க்க விட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கருத்துச் சொன்னது.

சிறைக்குப் போகிற அளவுக்கு ஏதாவது உண்டா? உண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் வேண்டுமென்றே படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பி ஒரு பெண் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ அவரைப் பார்ப்பதும் பதிவு செய்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் வருகிறது. முதல் தடவையே ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

‘நான் திருடனுக்காக வைத்தேன், பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னல் தெரிந்தது தற்செயல்’ என்று சொன்னால்? முதல் நாள் அந்தப் பதில் எடுபடலாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகும், எழுதிக் கொடுத்த பிறகும் கேமரா அதே கோணத்தில் இருந்தால் ‘தற்செயல்’ என்று வாதாடுவது கஷ்டம். யாராவது வந்து குறை சொன்னால் அன்றைக்கே திருப்பி வையுங்கள். திருப்பியதைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

பொருத்தும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்? கேமரா போடுபவர் ஏணியில் நின்றுகொண்டு, “முழுத் தெருவும் தெரியுது சார்” என்று பெருமையாகச் சொல்வார். அந்த நேரத்தில் போனை வாங்கிப் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிறதா? பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, கிணற்றடி, மொட்டை மாடி தெரிகிறதா? தெரிந்தால் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். வாசலுக்கு முன் கொஞ்சம் தெரு தெரிவதைத் தவிர்க்க முடியாது, அதனால் யாருக்கும் பெரிய சங்கடம் இல்லை. சாய்த்தும் ஜன்னல் மறையவில்லை என்றால், ‘பிரைவசி மாஸ்க்’ (படத்தின் ஒரு பகுதி பதியாதபடி கறுப்புக் கட்டம் போடும் வசதி) இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது வரும் கேமராக்கள் பலவற்றில் இருக்கிறது. போடத் தெரியாது என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள்: படத்தின் மூலையில் ஓடும் நேரம். பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போது சீன நேரத்தைக் காட்டும், அதாவது நம் கடிகாரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால். திருட்டு நடந்தது இரவு பதினொன்றுக்கு, பதிவில் ஒன்றரை மணி என்றால், எதிர்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் நூல் அதுதான்.

சத்தத்தையும் பதியலாமா? என் யோசனை, மைக்கை அணைத்துவிடுங்கள். கேமரா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், மைக்கோ தெருவில் நின்று பேசும் இரண்டு பேரின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும். 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்துக்கு ஒரு வாசல் மணி கேமரா வழக்கு வந்தது. படத்தை விடச் சத்தப் பதிவைத்தான் நீதிபதி கடுமையாகப் பார்த்தார். திருடனைப் பிடிக்க அவன் முகம் போதும்.

வீட்டுக்குள்ளே வைப்பது என் இஷ்டம்தானே? நீங்கள் ஒருவர் மட்டும் குடியிருந்தால் அப்படித்தான். கூடவே வேறொருவரும் வாழ்கிறார் என்றால் இல்லை. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் இருந்த சகோதரர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமராக்களைப் பொருத்தினார். உள்ளே இருக்கும் அந்த கேமராக்கள் இயங்கக் கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. சொத்தில் பங்கு இருப்பது வேறு, கூட வாழ்பவரைக் கண்காணிப்பது வேறு. மாமியாரைக் கவனிக்க மருமகளோ, மருமகளைக் கவனிக்க மாமியாரோ கேமரா வைக்க நினைத்தாலும் இதே கதைதான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்லுங்கள். “இங்கே கேமரா இருக்கு, ஹாலும் சமையலறையும் தெரியும், நீங்க துணி மாத்துற அறையில இல்லை” என்று நேராகச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. குளியலறை, உடை மாற்றும் இடம், வேலையாள் தூங்கும் இடம், இந்த மூன்றிலும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி நம் வீட்டில் தங்குபவர் என்றால் அவருடைய அறையும் அவருக்கு வீடுதான்.

வாடகைக்கு விட்டிருக்கிறேன், மாடிப்படியில் வைக்கலாமா? பொது வாசலிலும் படிக்கட்டிலும் வைக்கலாம், குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு. அவர் வீட்டுக் கதவு திறக்கும்போது உள்ளே தெரியாதபடி கோணம் இருக்க வேண்டும். ‘உங்க வீட்டுக்கு நேத்து யாரோ வந்தாங்களே’ என்று காட்சியைப் பார்த்துவிட்டுக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியே அவர்களுக்கு எதிரான சாட்சி.

2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு கேமராவுக்குப் பொருந்துமா? தனிநபர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் திரட்டும் தகவலுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே உங்கள் வாசல் கேமராவை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் முன்னறையில் கடை, கீழ்த்தளத்தில் கிளினிக், மாடியில் மகளிர் விடுதி என்று நடத்துகிறீர்களா? அது வீட்டு உபயோகம் ஆகாது. அடுக்குமாடிச் சங்கத்தின் கேமராக்களையும் வீட்டு கேமரா என்று சொல்ல முடியாது. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி அமைத்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர்கள் இப்போதே ஒரு அறிவிப்புப் பலகை மாட்டி, காட்சியைப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வைப்பது நல்லது. காவலாளியின் போனில் முழு வளாகமும் ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கும் இதே விதியா? அங்கே கெடுபிடி அதிகம். கேமரா உங்கள் எல்லையைத் தாண்டிப் பார்த்தாலே பிரிட்டனின் தரவுச் சட்டம் பொருந்தும். பலகை வைக்க வேண்டும். பதிவில் இருப்பவர் தன் காட்சியைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே இந்தத் திசையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டு ஜன்னலை யாரோ உடைத்ததால் கேமரா வைத்த செக் நாட்டுக்காரர் ஒருவரின் வழக்கு அது. பொது நடைபாதையும் எதிர்வீட்டு வாசலும் பதிந்ததால் அவருக்கு ‘வீட்டு உபயோகம்’ என்ற விலக்கு கிடைக்கவில்லை.

கேமராவை யாராவது திருட்டுத்தனமாகப் பார்க்க முடியுமா? முடியும், அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. 2025-இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போயின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் உங்கள் படுக்கையறைக் கதவும் அப்படித்தான் திறந்து கிடக்கும். கேமரா போட்டவர் கிளம்பியதும் அவர் வைத்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். போன் செயலியில் அவருடைய எண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், பல வீடுகளில் இருக்கும். வாங்கும்போதே, 2025 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு கட்டாயமாக்கிய பாதுகாப்புச் சோதனையில் தேறிய மாடலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? வீட்டுக்கு இத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டு வாரம், அதிகம் போனால் ஒரு மாதம் போதும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும்படி அமைத்துவிட்டால் நீங்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

திருடன் முகம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. தெரு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? இங்கேதான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர், வீடு மாறிக் கதவைத் தட்டியவர், பழைய பேப்பர் கேட்டு வந்தவர் என்று யாரோ ஒருவரின் முகம் ‘இவன்தான் திருடன்’ என்ற வரியோடு நான்கு குழுக்களுக்குப் போய்விடும். ஆள் வேறு என்று தெரிந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம். படத்தில் இருப்பவன் பதினைந்து வயதுப் பையன் என்றால் இன்னும் சிக்கல். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். முகத்தைக் குழுவுக்கு அனுப்பாமல், காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

போலீஸ் காட்சியைக் கேட்டால்? கொடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நிற்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் (இது இந்தக் கருவியில் பதிந்தது, மாற்றப்படவில்லை என்ற உறுதிமொழி) தேவைப்படும். அதன் ஒரு பகுதியில் கருவி வைத்திருப்பவரான நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே மூலப் பதிவை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். திரையில் ஓடுவதைப் போனில் படம் பிடித்து அனுப்புவது விசாரணைக்கு உதவலாம், மூலப் பதிவுக்கு ஈடாகாது.

எல்லாம் சரி, பக்கத்து வீட்டு கேமரா என் வீட்டைப் பார்க்கிறதே, நான் என்ன செய்ய? முதலில் போய்ப் பேசுங்கள், அவர் போனிலேயே காட்சியைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பயந்த ஜன்னல் அதில் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தும் அவர் மாற்ற மறுத்தால் தேதியிட்டுக் கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது காவல் நிலையப் புகார், அதற்கும் அசையாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். உங்கள் படம் இணையத்தில் வந்துவிட்டது என்றால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் சைபர் குற்றத் தடுப்புக்கான மத்திய அரசு இணையதளத்தில் உடனே புகார் பதியுங்கள். அவசரத்துக்கு 1930 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

கோபத்தில் அவர் கேமராவின் கம்பியை அறுப்பது, மேலே பெயின்ட் அடிப்பது வேண்டாம், வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். தீர்ப்பு வரும் வரை உங்கள் மாடியில், உங்கள் பக்கத்தில், ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.