இளைஞர் கழகம் பந்தடிக்க மட்டுமா?



பிள்ளை பிறந்தால் மருத்துவிச்சி லயத்துக்கு வந்து பார்க்கிறார். நிறை பார்க்க, தடுப்பூசி போட கிளினிக் இருக்கிறது. தாய் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் சுகாதாரப் பரிசோதனை நடக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற 16, 17 வயதுப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பொடியனை யார் விசாரிக்கிறார்கள்? இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது நம்ம தோட்டத்து இளைஞர் கழகம்தான் என்று நாங்கள் சொல்லுகிறோம்.

"இளவட்டத்துக்கு என்ன வருத்தம்? கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் இந்த வயதில் வரும் வருத்தங்கள் பல, காய்ச்சல் போல வெளியே தெரிவதில்லை.

இரத்தசோகை

மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, மலை ஏறும்போது மூச்சு வாங்குதல் எல்லாம் வரும். நாமோ "சோம்பேறி" என்று ஏசிவிடுகிறோம். கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிட வேண்டும். தேசிக்காய்ப் புளி, கொய்யாப்பழம் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். சோற்றோடு சாயத்தண்ணி குடித்தால் அது பிடிக்காது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. இதை அம்மா சொன்னால் கேட்காத பிள்ளை, கூட்டாளி சொன்னால் கேட்கும். கழகத்தின் பலமே இதுதான்.

குடி

முதல் கிளாசை எந்தப் பொடியனும் தனியாகக் குடிப்பதில்லை, கூட்டாளிகளோடுதான் குடிக்கிறான். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாராயமோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் கசிப்புக்காரன் வயதைக் கேட்பானா? பின்னேரத்தில் கூடிச் சேர நல்ல இடமும், செய்ய ஒரு வேலையும் இருந்தால் பொடியன்கள் அந்தப் பக்கம் போவது குறையும். விளையாட்டு மட்டும் போதாது. ஜெயித்த அணிக்குப் போத்தல் வாங்கிக் கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

மனச்சுமை

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் தற்கொலை மிகவும் உயர்ந்திருந்தது. கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அது பெரிதும் குறைந்தது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது: ஆத்திரமும் வேதனையும் கடந்து போகக் கூடியவை, அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும். ஆகவே மருந்து வகைகளை வீட்டில் வைக்காமல் பூட்டிய இடத்தில் வையுங்கள். காதல், பரீட்சை, கடன் என்று மனசு உடைந்த பிள்ளைக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். கழகத்தில் ஓர் அண்ணனோ அக்காவோ காது கொடுத்துக் கேட்டால் பாதிச் சுமை இறங்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.

கழகம் செய்ய வேண்டியவை

தலைவர் டாக்டர் அல்ல. மருந்து சொல்லக் கூடாது. ஆனால் தயங்கி நிற்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். தன்னிடம் சொன்ன இரகசியத்தைப் பீலிக்கரையில் பேசக் கூடாது. பேசினால் அப்புறம் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. பெண் பிள்ளைகளுக்கான கூட்டத்தைப் பகலிலேயே வையுங்கள். அப்போதுதான் வீட்டில் அனுப்புவார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் மருத்துவிச்சியையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

பெற்றோரே, "கழகத்துக்குப் போய் என்ன கிழிக்கப் போற?" என்று பிள்ளையை மறிக்காதீர்கள். ஒரு நாள் நீங்களும் போய்ப் பாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, கூடுவதற்கு ஓர் அறையும் விளையாட ஒரு துண்டு நிலமும் வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு இந்தத் தோட்டத்தையும் குடும்பத்தையும் தாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.