மூன் லவ்வர்ஸ் (கொரியத் தொடர்)

மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ என்பது தென்கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 2016 ஆகஸ்டு 29 முதல் நவம்பர் 1 வரை ஒளிபரப்பான வரலாற்றுக் காதல் தொடர். 20 பகுதிகள் கொண்டது. கிம் கியூ தே இயக்கினார். லீ ஜுன் கி, பாடகி ஐயூ, காங் ஹா நுல் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். அமெரிக்காவின் என்பிசி யுனிவர்சல் நிறுவனம் கொரியத் தொடர் ஒன்றில் முதலீடு செய்தது இதுவே முதல்முறை. இத்தனை ஏற்பாடுகளோடு வந்த தொடர், தன் கையில் இருந்த அரிய வரலாற்றைப் பெரும்பாலும் தொடாமலே முடிந்துபோனது.

தலைப்பில் உள்ள 'ரியோ' என்பது கோரியோ அரசைக் குறிக்கும். கொரியா என்ற பெயரே கோரியோவிலிருந்து வந்ததுதான்.

மூலக்கதை

சீன எழுத்தாளர் தொங் ஹுவாவின் புதினம், 2011இல் சீனாவில் 35 பகுதிகள் கொண்ட தொடராக வந்து பெரும் வெற்றி பெற்றது. இக்காலப் பெண் ஒருத்தி சிங் வம்சக் காலத்துக்குப் போய், காங்சி பேரரசரின் மகன்களுக்கு இடையே நடக்கும் அரியணைப் போட்டியில் சிக்கிக்கொள்வதே கதை. கொரியத் தொடர் அதே கதையைப் 10ஆம் நூற்றாண்டுக் கோரியோவில் வைத்தது.

இடமாற்றம் பொருத்தமானதே. கோரியோவை 918இல் நிறுவிய தேஜோ, வட்டாரத் தலைவர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள அவரவர் குடும்பங்களில் பெண் எடுத்தார். அவருக்கு 29 மனைவியர், 25 மகன்கள். ஒவ்வொரு மகனுக்குப் பின்னாலும் தாய்வீட்டாரின் படை நின்றது. 943இல் தேஜோ இறந்தபின் ஆறே ஆண்டுகளில் இரண்டு மன்னர்கள் வந்து மறைந்தனர். 949இல் நான்காம் மன்னராக அரியணை ஏறியவரே வாங் சோ என்னும் குவாங்ஜோங். மூன்று மன்னர்களின் முடிவையும் நான்காமவரின் எழுச்சியையும் 20 பகுதிகளுக்குள் சொல்ல வேண்டியிருந்ததால் பிற்பாதி மூச்சிரைக்க ஓடுகிறது.

கதை

முழுச் சூரிய கிரகணம் நடக்கும் வேளையில் நீரில் மூழ்கும் கோ ஹா ஜின் என்ற பெண், கோரியோவில் ஹே சூ என்ற இளம்பெண்ணின் உடலில் கண்விழிக்கிறாள். எட்டாம் இளவரசன் வாங் வுக்கிடம் முதலில் மனம் போகிறது. பிறகு முகத்தழும்பை முகமூடியால் மறைத்து வாழும் நான்காம் இளவரசன் வாங் சோவிடம். ஒப்பனைக் கலை தெரிந்த அவள், மழை வேண்டும் சடங்குக்கு முன் அந்தத் தழும்பை மறைத்துவிடும் காட்சி தொடரின் சிறந்த இடங்களில் ஒன்று. தாயால் வெறுக்கப்பட்ட மகனாக லீ ஜுன் கியின் நடிப்பும் அப்படியே.

குவாங்ஜோங் என்ற மன்னன் தன் உறவினரையே கொல்வான் என்பது ஹே சூவுக்கு முன்பே தெரியும். ஆனால் அது எந்த இளவரசன் என்று தெரியாது. தெரிந்தபோது அவனையே காதலித்துக்கொண்டிருக்கிறாள். நேசிக்கத் தகுந்த ஒருவன் எப்படிக் கொடிய மன்னன் ஆகிறான் என்ற கேள்வி இங்கே எழுகிறது. விடை சொல்ல வேண்டிய காலம் அவன் ஆட்சிக்காலம். தொடரோ கடைசிச் சில பகுதிகளில்தான் அவனை அரியணையில் அமர்த்துகிறது.

சொல்லாமல் விட்ட வரலாறு

956இல் குவாங்ஜோங் அடிமைகளைப் பற்றி விசாரிக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கோரியோ உருவாவதற்கு முன் நடந்த போர்களில் பிடிபட்டும் கடன்பட்டும் பொதுமக்கள் பலர் பெருங்குடும்பங்களின் அடிமைகளாகியிருந்தனர். முறைகேடாக அடிமையாக்கப்பட்டவர் யார் என்று விசாரித்து அவர்களைப் பழைய நிலைக்குத் திருப்புவதே சட்டத்தின் நோக்கம். (இதை அடிமை முறை ஒழிப்பு என்று சிலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. அடிமை முறை அதன்பின்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.) அடிமைகள் குறைந்தால் பெருங்குடும்பங்களின் உழைப்பாளரும் குறைவர், படையாளரும் குறைவர், விடுதலையானவர்கள் அரசுக்கு வரி கட்டுவர். இரக்கம், அரசியல் கணக்கு இரண்டும் கலந்த சட்டம் இது.

அரசி தேமோக்கே இச்சட்டத்தைக் கைவிடுமாறு மன்னரிடம் மன்றாடினார் என்றும் மன்னர் கேட்கவில்லை என்றும் கோரியோ வரலாற்று நூல் கூறுகிறது. அரசி, மன்னருக்கு மாற்றாந்தாய் மகளும் ஆவார். பெருங்குடும்பம் ஒன்றின் பெண். ஒரு காதல் தொடருக்கு இதைவிட வலுவான காட்சி எங்கே கிடைக்கும்? தொடரில் அடிமைகளைப் பற்றிய பேச்சு வந்தாலும் அது அரசவைப் போராட்டமாக விரியவில்லை.

958இல் அரசுப் பணிக்கான தேர்வு முறை தொடங்கியது. சீனத்திலிருந்து தூதுக்குழுவோடு வந்து, நோயுற்றதால் கோரியோவிலேயே தங்கிவிட்ட சுவாங் ஜி என்ற அறிஞர் தந்த யோசனை அது. பிறப்பால் வந்த பதவிக்குப் போட்டியாகக் கல்வியால் வரும் பதவி நுழைந்தது. 960 முதல் எதிர்ப்பாளர்களை ஒழிக்கும் களையெடுப்பு தொடங்கியது. சீர்திருத்தமும் குருதியும் ஒரே கையிலிருந்து வந்தவை. தொடர் இவற்றைப் பிரித்து, கொடுமை அனைத்துக்கும் தனிமையையும் காதல் தோல்வியையும் காரணமாக்கிவிட்டது.

காதலில் தோற்ற வாங் வுக்கைப் பற்றியும் ஒன்று. வரலாற்றில் அவர் மகனே பின்னாளில் ஆறாம் மன்னர் சோங்ஜோங் ஆனார். விடுதலை பெற்றவர்களில் ஒரு பகுதியினரை மீண்டும் அடிமைகளாக்கும் சட்டம் 987இல் அவர் ஆட்சியில்தான் வந்தது. ஹே சூ என்ற பெண் வரலாற்றில் இல்லை.

வரவேற்பு

ஒரு வாரம் முன்னதாகவே கேபிஎஸ் தொலைக்காட்சியில், அதே கிழமைகளில், லவ் இன் த மூன்லைட் என்ற ஜோசன் காலக் காதல் தொடர் தொடங்கியிருந்தது. அதன் பார்வையாளர் அளவு 20 விழுக்காட்டைக் கடந்தது. மூன் லவ்வர்ஸ் பெரும்பகுதி ஒற்றை இலக்கத்தில் நின்று, கடைசிப் பகுதியில்தான் 11 விழுக்காட்டைத் தொட்டது. ஐயூ, பேக்யுன் ஆகிய பாடகர்களின் நடிப்பும், முகத்தை மிக அருகில் காட்டும் ஒளிப்பதிவும் கண்டிக்கப்பட்டன. படப்பிடிப்பு முழுவதும் முன்பே முடிந்திருந்ததால் குறை சொல்லப்பட்டபோது திருத்தவும் வழியில்லை.

இறுதியில் ஹே சூ இறந்து இக்காலத்தில் விழிக்கிறாள். கண்காட்சி ஒன்றில் குவாங்ஜோங்கின் ஓவியத்தைக் கண்டு அழுகிறாள். மன்னன் அங்கே தனியே நிற்க, கதை சட்டென அறுந்துவிடுகிறது. வெளிநாட்டு ரசிகர்கள் தொடரைக் கைவிடவில்லை. இரண்டாம் பருவம் கேட்டுப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள்.