இயந்திர எண்ணெயின் பாகுநிலை

இயந்திர எண்ணெயின் பாகுநிலை என்பது, எஞ்சின் ஆயில் பாய்வதற்குக் காட்டும் தடையின் அளவாகும். பேச்சுவழக்கில் இதை எண்ணெயின் 'கெட்டித்தன்மை' என்பர். எண்ணெய் சூடேறினால் இளகும், குளிர்ந்தால் கெட்டியாகும்.

தரக்குறியீடு

எஸ்.ஏ.இ. தரமுறையில் 5டபிள்யூ-30 போன்ற குறியீடுகள் வழங்குகின்றன. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் பாயும் திறனையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் அதன் கெட்டித்தன்மையையும் காட்டுகின்றன.

விளைவுகள்

எண்ணெய் தேவைக்கு மேல் இளகியிருந்தால், கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால், காரைக் கிளப்பியதும் எஞ்சினின் மேல்பாகங்களுக்கு எண்ணெய் சென்று சேரத் தாமதமாகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

வெப்பப் பகுதிகளில் பயன்பாடு

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் கெட்டியான எண்ணெயே தேவை என்று தோன்றலாம். ஆனால், எஞ்சின் சூடேறி ஓடும்போது எண்ணெயின் வெப்பம் எந்த ஊரிலும் ஏறத்தாழ 100 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே, ஊர் வெயிலைவிட எஞ்சின் உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளியே முதன்மையானது. பழைய கார்கள் பலவற்றுக்கு 20டபிள்யூ-40 பொருந்தியது. இடைவெளி நுண்ணியதாக அமைந்த இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. காருடன் வரும் கையேட்டில் குறிப்பிட்ட தரத்தைப் பயன்படுத்துவதே எஞ்சினுக்குப் பாதுகாப்பானது.