மகள் கேட்கும் முதுமாணிப் படிப்பு



பட்டம் பெற்ற மகள், "வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில் முதுமாணி படிக்கப் போகிறேன்" என்றால், "அது துறைமுகத்து ஆண்களின் வேலையல்லவா?" என்று உடனே மறுத்துவிடாதீர்கள். அது என்னவென்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

பால்மாவுக்குத் தட்டுப்பாடு வரும் என்றொரு பேச்சு எழுகிறது. ஒரு பக்கற் வாங்கும் வீட்டார் இரண்டு வாங்குகிறார்கள். அதைக் கண்ட கடைக்காரர் நான்கு மடங்கு கேட்கிறார். மொத்த வியாபாரி இன்னும் கூட்டுகிறார். இறக்குமதியாளரிடம் சேரும்போது சிறு பேச்சு பெரும் புயலாகிவிடுகிறது. பிள்ளைகள் குடிக்கும் பாலோ கூடவில்லை! பின்னர் களஞ்சியத்தில் சரக்குத் தேங்குகிறது.

இதனைச் 'சவுக்கு விளைவு' என்பர். பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. தேவை இவ்வாறு ஊதிப் பெருப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பேராசிரியர் ஜே பொரெஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கடையில் உண்மையில் விற்ற கணக்கைச் சங்கிலியிலுள்ள எல்லோரும் அறிவதே இதற்கு முக்கிய மருந்து.

தேவையை மதிப்பிடுதல், இருப்பைத் தீர்மானித்தல், கொள்வனவு, போக்குவரத்து ஆகியவையே பாடங்கள். இதற்குக் கணிதமும் கணினியும் வேண்டும், தோள்வலிமை வேண்டியதில்லை. மருந்து, ஆடை, அரிசி எதுவானாலும் இவ்வறிவு தேவை. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனத் தனிப்பிரிவே உண்டு.

சேருமுன் கட்டணம், வகுப்பு நாட்கள், பட்டத்தின் அங்கீகாரம் ஆகியவற்றை மகளோடு சென்று விசாரியுங்கள்.

அரிசி முடியுமுன் சாமான் துண்டு எழுதும் உம்மாவுக்கு இந்தப் படிப்பு அந்நியமானதா, என்ன?