கம் பூசினால் மட்டும் போதுமா? படகு மோட்டாருக்கு சரியான கேஸ்கட்!

குமரிக் கடற்கரையில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மோட்டார் நின்றுபோவது உயிர்ப் பிரச்னை. தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் அலையில் சிக்கிக் கவிழ்ந்து, உயிர்கள் பறிபோனது ஊரறிந்த சோகம். அப்படிப்பட்ட இடத்தில் சில நொடிகள் மோட்டார் அணைந்தாலே படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். மோட்டார் அப்படி நிற்பதற்கு, தாள் கனமே உள்ள ஒரு கேஸ்கட்கூட காரணமாகிவிடலாம்.

காரில் இருப்பதுபோல அவுட்போர்டு மோட்டாரில் ரேடியேட்டர் கிடையாது. அடியில் இருக்கும் இம்பெல்லர் கடல் தண்ணீரை இழுத்து மேலே அனுப்ப, அந்தத் தண்ணீர்தான் இன்ஜினைக் குளிர்விக்கிறது. எரியும் வாயுவையும் இந்த உப்புத் தண்ணீரையும் பிரித்து வைப்பது ஹெட் கேஸ்கட். அது விட்டுப்போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். அல்லது சூடான வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து மோட்டாரைக் கொதிக்க வைக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பார்க் பிளக்கில் ஈரமும் உப்பும் படிந்திருப்பது, இழுவை குறைவது, மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாவது ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதின் அறிகுறிகள். கியர் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால், கீழ்ப்பகுதியில் ஆயில் சீல் அல்லது வடிகால் போல்ட்டின் வாஷர் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன வாஷரையும் புதிதாகப் போடுவது நல்லது.

எந்த இடத்துக்கு எது?

ஹெட் கேஸ்கட்டைக் கையால் வெட்டிப் போடக் கூடாது. அதன் கனம் மாறினால் கம்ப்ரஷன் மாறும். சாதாரண ஷீட் அந்தச் சூட்டையும் தாங்காது. மோட்டாரின் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கென உள்ளதையே வாங்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடி போன்ற இடங்களுக்கு, அவசரத்துக்குப் பழைய கேஸ்கட்டின் அதே கனத்தில் கேஸ்கட் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கார்புரேட்டருக்கு, பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பட்டால் ஊறாத ரகம் தேவை. சாதாரண சிலிகான் கம் அங்கே கூடவே கூடாது. எரிபொருளில் ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைத்துவிடும். கசிந்தால் தீ அபாயமும் உண்டு.

ஒருமுறை நசுங்கிய கேஸ்கட், பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி சரியாக உட்காராது. அதை மறுபடி போட்டு, மேலே கம் பூசிச் சமாளிப்பது ஆபத்து. அதிகமாகப் பூசிய கம் உள்பக்கம் பிதுங்கி, தண்ணீர் போகும் துளைகளை அடைக்கும். எங்கே கம் பூச வேண்டும், எங்கே வெறுமனே போட வேண்டும் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பூசச் சொன்ன இடத்திலும் மெல்லிய பூச்சு போதும். சிலிகான் வகை முழுதாக இறுக 24 மணி நேரம் வரை விட வேண்டும்.

பொருத்தும்போது...

பழைய கேஸ்கட்டை இரும்பு உளியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே கசியும். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியே நல்லது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு ஒன்றை வைத்து, ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட்டும் நிற்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் நேராகக் கடலுக்குப் போய்விடக் கூடாது. தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் கருகிவிடும். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். எங்கும் கசிவு இருக்கக் கூடாது. தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் சில நிமிடங்கள் ஓட்டிக் கழுவினால், உள்ளே உப்பு தங்காது; கேஸ்கட்டும் நீண்ட நாள் உழைக்கும்.

இத்தனைக்கும் பிறகு கடலில் மோட்டார் நின்றுவிட்டால், கடலோரக் காவல் படையை அழைக்க 1554 என்ற இலவச எண் இருக்கிறது. படகில் போகும் எல்லோருடைய போனிலும் அது இருக்கட்டும்!