கிளிப்பிள்ளை: வளர்க்குமுன் அறிய வேண்டுவன

முன்னுரை

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறுகிறது. இவற்றுள் பிள்ளை என்னும் பெயர் நம் மக்கள் வழக்கில் கிளியோடு இறுக ஒட்டிக்கொண்டது. வளர்ந்து முதிர்ந்த கிளியையும் நாம் கிளிப்பிள்ளை என்றே அழைக்கிறோம். தென்னையைத் தென்னம்பிள்ளை என்பதும் அணிலை அணிற்பிள்ளை என்பதும் இத்தகையனவே. வீட்டில் ஒருவராக எண்ணி வளர்ப்பதனால் பிறந்த அன்புச் சொல் இது. அச்சொல் அன்பை மட்டும் குறித்து நின்றுவிடுவதில்லை. பிள்ளை என்று அழைத்தபின் பிள்ளைக்குரிய கடமைகளும் உடன் வந்து சேர்கின்றன.

அண்மைக் காலத்தில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்னும் அயல்நாட்டுப் பறவையை வாங்கி வளர்க்கும் விருப்பம் நகரங்களில் பெருகி வருகிறது. மனிதக் குரலைப் போலவே பேசுவது இதன் பெருமை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் இப்பறவையைப் பற்றி வாங்குமுன் அறிய வேண்டியவை பல உள. அவற்றைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளின் வாழ்க்கைச் சூழலோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் கிளி

கிளி, கிள்ளை, தத்தை, சுகம் எனப் பல பெயர்களால் இலக்கியம் இப்பறவையைச் சுட்டுகிறது. சங்க காலக் குறிஞ்சி நிலத்தில் கிளி வளர்ப்புப் பறவையாக அன்றித் தினைக்கதிரைக் கவரும் பறவையாகவே பெரிதும் காட்சி தருகிறது. தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் மகளிர் அதனை ஓட்டிய செய்தி குறிஞ்சிப்பாட்டில் உண்டு. பிற்காலத்தில் கிளியைத் தூதனுப்பும் மரபு சிறந்தது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் ‘அழகர் கிள்ளைவிடு தூது’ அதற்குத் தக்க சான்று.

திருவரங்கத்திற்கும் கிளிக்கும் தனி உறவு உண்டு. காவிரி வெள்ளத்தால் மணல்மேடிட்டுக் காடு மண்டிக் கிடந்த அரங்கன் கோயில் இருந்த இடத்தை, ஒரு கிளி தான் கேட்ட சுலோகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சோழ மன்னன் ஒருவனுக்கு உணர்த்தியது என்பது கோயில் மரபு. அதனால் அவன் கிளிச்சோழன் எனப் பெயர் பெற்றான் என்பர். கோயிலினுள் கிளி மண்டபம் என்ற பெயரில் ஒரு மண்டபமும் உள்ளது.

இம்மரபுகளில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். தினை கவரும் கிளியும், தூது செல்லும் கிளியும், மன்னனுக்கு வழிகாட்டிய கிளியும் பறக்கும் கிளிகள். சிறகு தறித்த கிளியைத் தூதனுப்ப இயலாது. பேச்சும் பறத்தலும் சேர்ந்ததே கிளியின் இயல்பு. கூண்டுக் கிளியை நாடுவோர் முன்னதை மட்டும் விரும்பிப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

பச்சைக்கிளியை வளர்க்கலாமா?

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தென்னந்தோப்புகளிலும், கோபுரங்களின் இடுக்குகளிலும், பட்டுப்போன மரப்பொந்துகளிலும் கூடு வைத்து வாழ்வது செந்தார்ப் பைங்கிளி. கழுத்தில் சிவப்பு வளையம் உடையது ஆண். இதனைக் குஞ்சாகப் பிடித்துச் சிறகை வெட்டிக் கூண்டிலடைக்கும் பழக்கம் பல தலைமுறைகளாக நம்மிடையே இருந்து வந்தது. சோதிடக்காரர் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்ததும் இக்கிளியே.

இன்று இது குற்றமாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைப் பாதுகாக்கிறது. இந்தியப் பறவைகளைப் பிடித்து விற்கும் வணிகம் 1990-91-இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது பைங்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. வாங்குதல், விற்றல், வளர்த்தல் ஆகிய அனைத்துமே தண்டனைக்குரியவை. “பாட்டி காலத்திலிருந்து வீட்டில் கிளி இருந்தது” என்னும் சமாதானம் சட்டத்தின்முன் செல்லாது. வீட்டில் பைங்கிளி வைத்திருப்போர் அதனை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. தாமாகக் கூண்டைத் திறந்து விடுதல் அறமெனத் தோன்றினும், நெடுநாள் அடைபட்டு இரைதேடும் பழக்கமற்ற பறவை காகத்திற்கோ பூனைக்கோ இரையாகிவிடும்.

சாம்பல் கிளியின் இயல்பு

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் தாயகம் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகள். ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் நீளமும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உடையது. உடல் சாம்பல் நிறம். வால் மட்டும் செக்கச் சிவந்தது. வால் கருஞ்சிவப்பாகவும் உடல் சற்றுச் சிறியதாகவும் உள்ள மற்றோர் இனம் டிம்னே எனப்படும். குஞ்சின் கண்மணியைச் சூழ்ந்த வளையம் கருஞ்சாம்பலாக இருக்கும்; வளர வளர வெளிர் மஞ்சளாக மாறும். ‘இளங்கிளி’ என்று சொல்லி விற்போரின் சொல்லை இக்கண்ணைக் கொண்டு ஒருவாறு சரிபார்க்கலாம். ஆணையும் பெண்ணையும் புறத்தோற்றத்தால் பிரித்தறிதல் அரிது. மரபணுச் சோதனையே உறுதியானது.

பேச்சுத்திறனே இதற்குப் பகையாயிற்று. 1975-க்கும் 2013-க்கும் இடையில் காடுகளில் பிடிக்கப்பட்டு முறையான வழியில் மட்டும் ஏற்றுமதியான சாம்பல் கிளிகள் 13 இலட்சத்துக்கும் மேல். பயணத்தில் மாண்டவையும் கடத்தப்பட்டவையும் இக்கணக்கில் சேரா. கானா நாட்டில் 1992-க்குப் பின் இப்பறவையின் தொகை 90 முதல் 99 விழுக்காடு வரை வீழ்ந்ததாக 2016-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அவ்வாண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இதனைச் சேர்த்தன. காட்டில் பிடித்த சாம்பல் கிளியை விற்கும் பன்னாட்டு வணிகம் 2017 சனவரி முதல் தடைப்பட்டது.

ஆவணங்கள்

அயல்நாட்டுப் பறவைக்குச் சட்டம் இல்லை என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் உள்ளது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களையும் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்போர் அதனைப் பெற்ற 30 நாட்களுக்குள் மைய அரசின் ‘பரிவேஷ்’ இணையவாயிலில் பதிவு செய்தல் வேண்டும். குஞ்சு பொரித்தல், இறத்தல், பிறருக்குக் கைமாறுதல் ஆகியவற்றையும் தெரிவித்தாக வேண்டும்.

ஆகவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையன்று; ஆவணமே. பறவை கூண்டில் பிறந்ததா, பெற்றோர் பறவைகள் பதிவு பெற்றனவா, காலில் மூடிய வளையம் உண்டா, அதிலுள்ள எண் தாளிலுள்ள எண்ணோடு ஒத்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். குஞ்சுப் பருவத்தில் மட்டுமே காலில் நுழையும் வளையம் ஆதலின், அது கூண்டுப் பிறப்புக்குச் சான்றாகும். கடத்தல் நமக்குத் தொலைவான செய்தியன்று. 2023 சூலையில் நம் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டன. ஆவணமற்ற உயிரை வாங்குவோர் இத்தகைய பெட்டிக்கே பணம் கொடுக்கின்றனர்.

இல்லமும் உணவும்

நம் வீடுகளில் இப்பறவைக்கு நேரும் இடர்கள் சில உள.

முதலாவது, மின்விசிறி. கூண்டிலிருந்து வெளிவந்து பறக்கும் பறவைக்குச் சுழலும் கூரை விசிறி எமனாகும். கிளி வெளியே உலவும் அறையில் விசிறி நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விசிறியின்றி இருக்க இயலாத நம் ஊரில் இது எளிதன்று.

இரண்டாவது, புகை. பறவையின் மூச்சுறுப்பு மிக நுண்ணியது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள், சிகரெட்டு ஆகியவற்றின் புகையும் தீங்கானவை. கூண்டு அடுக்களைக்கு அருகில் இருத்தலாகாது.

மூன்றாவது, வெப்பம். இது ஈரக்காட்டுப் பறவை. திருச்சியின் கோடை 40 பாகை செல்சியசைத் தாண்டும். நிழலும், காற்றோட்டமும், நாள்தோறும் குளிப்பதற்கு நீரும் தேவை. அதேவேளை காலை இளவெயில் நேரே படுதலும் வேண்டும். சாம்பல் கிளிகளுக்குச் சுண்ணாம்புச்சத்துக் குறைவு எளிதில் வரும்; அது முற்றினால் வலிப்பு உண்டாகும். சன்னல் கண்ணாடி வழியே வரும் ஒளி இக்குறையை நீக்காது.

நான்காவது, உணவு. சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளி கொழுத்து நோயுறும். கிளிகளுக்கென்று செய்த உருண்டைத் தீனியோடு முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, கொய்யா முதலியன நன்று. உப்பும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்கள், காப்பி, தேநீர், சாக்லேட்டு, வெங்காயம் ஆகியன ஆகா. அவகாடோ எனப்படும் வெண்ணெய்ப்பழம் கிளிக்கு நஞ்சு.

கிளியின் சிறகிலிருந்து உதிரும் வெண்தூள் ஆஸ்துமா உள்ளோரைத் துன்புறுத்தும். சிட்டகோசிஸ் என்னும் காய்ச்சல் கிளியிடமிருந்து மனிதர்க்குத் தொற்றக்கூடியது. ஆதலின் பறவை நோய் அறிந்த மருத்துவரை முன்னரே கண்டறிந்து வைத்தல் வேண்டும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நம் பகுதியினர்க்கு வாய்ப்பாகும். தானே உண்ணப் பழகாத குஞ்சை, “ஊட்டி வளர்த்தால் ஒட்டிக்கொள்ளும்” என்ற பேச்சை நம்பி வாங்குதல் கூடாது. அனுபவமற்றவர் ஊட்டும் சூடான கஞ்சி குஞ்சின் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.

தனிமை என்னும் நோய்

“சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை” என்னும் பழமொழி கிளியைப் பொருளறியாது ஒப்பிப்பதாகக் கருதுகிறது. இக்கருத்தை அசைத்தது அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளி. அமெரிக்க ஆய்வாளர் இரேன் பெப்பர்பெர்க் 1977-இல் சிகாகோப் பகுதிக் கடையொன்றில் அதனை வாங்கி முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தார். அது ஏழு நிறங்களையும் ஐந்து வடிவங்களையும் பெயர் சொல்லி வேறுபடுத்தியது; ஆறு வரை எண்ணியது; வேண்டாத பொருளைக் கொடுத்தால் மறுத்தது. 2007-இல் அது இறந்தபோது அதற்கு வயது 31.

காட்டில் சாம்பல் கிளிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அடைவன. ஒன்றையொன்று குரலால் அறிந்து கூட்டத்தைக் காத்துக்கொள்வன. அக்குரல் பழகும் ஆற்றலே வீட்டில் மனிதப் பேச்சாக வெளிப்படுகிறது. நம் சொல்லை அது திருப்பிச் சொல்வது, நம்மைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளம் எனலாம். அக்கூட்டம் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் சென்று மாலையில் திரும்புமாயின், பகல் முழுதும் தனித்திருக்கும் கிளி கத்தும், கடிக்கும், இறுதியில் தன் இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கும். ஒருமுறை வேரூன்றிய இப்பழக்கத்தை மாற்றுதல் அரிதினும் அரிது. நாள்தோறும் சில மணிநேரம் அதனோடு பழகவும், கடித்து விளையாட மரத்துண்டுகள் கொடுக்கவும், இரவில் பத்து மணிநேரமேனும் அமைதியான உறக்கம் அளிக்கவும் இயலாத வீட்டில் இப்பறவை வாழாது, உயிரோடிருக்கும், அவ்வளவே.

மௌலானா ரூமியின் ‘மஸ்னவி’யில் ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் புறப்பட்ட வணிகன் தன் கூண்டுக் கிளியிடம், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறான். அது பொருள் எதையும் கேட்கவில்லை; அங்குள்ள கிளிகளிடம் தன் நிலையைச் சொல்லுமாறு வேண்டுகிறது. அவன் சொன்னதும் அங்கொரு கிளி இறந்தாற்போல் விழுகிறது. திரும்பி வந்து அச்செய்தியைக் கூறியபோது கூண்டுக் கிளியும் அவ்வாறே விழுகிறது. இறந்ததென்று வெளியே எறிந்ததும் பறந்துவிடுகிறது. ஞானப் பொருள் ஒருபுறமிருக்க, கிளி தன் இனத்தை மறவாது என்னும் உண்மையை அக்கதை பற்றிக்கொண்டுள்ளது.

யார் பொறுப்பு?

நன்கு வளர்க்கப்படும் சாம்பல் கிளி 40 முதல் 60 ஆண்டுகள் வாழக்கூடியது. பலர் எண்ணிப் பாராத செய்தி இதுவே. ஐம்பது வயதில் ஒருவர் வாங்கும் குஞ்சு, அவர் மறைந்தபின்னும் பல்லாண்டு வாழும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பிறந்தநாளுக்கு வாங்கினாலோ, அவன் படிப்பு, வேலை, மணவாழ்க்கை அனைத்திலும் அது உடன்வர வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்களின் நிலையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் நலம். மக்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். முதியோர் அடுக்குமாடி வீடுகளில் தனித்திருக்கின்றனர். பெற்றோர்க்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று கிளியை வாங்கித் தரும் எண்ணமும் எழுதல் இயல்பே. முதியவரும் கிளியும் ஒருவர்க்கொருவர் துணையாதல் உண்மை. அவருக்குப் பின் அக்கிளி எங்கே போகும்? முதல் பட்டியலில் உள்ள பறவையை நினைத்தவாறு அயல்நாட்டுக்கு எடுத்துச் செல்லுதல் இயலாது. தான் பழகிய குரலை இழந்த கிளி, மறைந்தவரின் குரலிலேயே அவ்வீட்டில் பேசிக்கொண்டிருக்கும். அதனைத் தாங்கமாட்டாது உறவினர் கைமாற்றிவிடுவர். “கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற்போல” என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய முடிவைத்தான்.

நிறைவுரை

சாம்பல் கிளியை வளர்க்கவே கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. முறையான ஆவணமும், நேரமும், இடமும், அடுத்த தலைமுறையின் இசைவும் உள்ள இல்லத்தில் அது நிறைவாக வாழ இயலும். இவற்றுள் ஒன்று குறையினும் ஆசையை அடக்கிக்கொள்ளுதலே அன்பு. கிளியைக் கண்டு மகிழக் கூண்டு வேண்டுவதில்லை. கம்பரசம்பேட்டையில் 2025-இல் திறக்கப்பட்ட பறவைகள் பூங்காவில் அயல்நாட்டுப் பறவைகளைக் காணலாம். மாலை வேளையில் திருவரங்கத்துக் கோபுரங்களை நோக்கிக் கூட்டமாகத் திரும்பும் பைங்கிளிகளைக் காண அதுவும் வேண்டியதில்லை.

பிள்ளையைப் பெறுமுன் ஈராண்டேனும் எண்ணிப் பார்க்கும் மக்கள், அறுபதாண்டு வாழும் பிள்ளையை ஒரு மாலைப்பொழுதில் கடையிலிருந்து வாங்கி வருதல் பொருந்தாது. கிளிப்பிள்ளை என்னும் சொல்லின் பின்பாதியை மனத்திற்கொண்டு முடிவு செய்தல் நம் கடமையாகும்.